ஐம்பது ஹெர்ட்ஸ்

முதலில் தடித்த கம்பி ஊமையானது.
பிறகு நான்கும்.
ஏற்காட்டு கிளப்பில் மூன்று நாள் வாசிப்பு.
பனி ஜன்னல் வழியாக உள்ளே வந்து
ஆம்ப்ளிஃபயர் மேல் ஏறி உட்கார்ந்திருந்தது.
இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி
சேலத்தில் பெட்டியைத் திறந்தால்
கழுத்து வில்லாகியிருக்கிறது,
பிக்கப் செத்திருக்கிறது.

கழுத்தை நானே பார்த்துக்கொள்வேன்.
திருகைக் கால் சுற்று திருப்பிவிட்டு
ஒரு ராத்திரி பொறுக்கவேண்டும்.
மரம் உடனே பதில் சொல்லாது.
முதல் கட்டையையும் கடைசிக் கட்டையையும் அழுத்தி
நடுவே ஒரு விசிட்டிங் கார்டு நுழைகிறதா என்று பார்ப்பேன்.
கார்டு, அச்சகம் வைத்திருக்கும் மைத்துனனுடையது.
அவனால் எனக்கு ஆன ஒரே உபகாரம்.

கம்பிகளை இட்லிச் சட்டியில் வேகவைத்தேன்.
புதுசு வாங்க இரண்டு ரிசப்ஷன் வாசிக்கவேண்டும்.
பத்தே நிமிடத்தில் தண்ணீர் பழுப்பு:
ஒன்றரை வருஷத்து விரல் எண்ணெய்,
கைகழுவாமல் மேடையேறிய பந்திகள்.
ஜெயசுதா அந்தச் சட்டியை இன்னும் தொடவில்லை.

பிக்கப்புக்கு இங்கே ஆள் கிடையாது.
சூரமங்கலத்தில் மோட்டார் காயில் கட்டும்
மாதேஸ்வரியிடம் போனேன்.
"எத்தனை வோல்ட்டு?"
வோல்ட்டே கிடையாது, கரண்ட் உள்ளே போகாது,
மேலே கம்பி ஆடினால்
இதிலிருந்து கொஞ்சூண்டு வெளியே வரும் என்றேன்.
"அப்ப இது மோட்டார் இல்லீங்க. ஜெனரேட்டரு."
பதினெட்டு வருஷமாக வாசிக்கிறேன்,
எனக்கு இது தோன்றியதேயில்லை.

தலைமுடியைவிட மெல்லிய செம்பு.
காற்றுக்கு அறும் என்று ஃபேனை நிறுத்தினாள்.
ஏப்ரல் மாதம், தகரக் கூரை.
நாலாயிரத்தில் அறுந்தது.
நாக்கைக் கடித்தபடி பற்றவைத்துத் தொடர்ந்தாள்.
ஏழாயிரத்து நூற்று முப்பதில் வயர் தீர்ந்துபோனது.
"போதுமா?" என்றாள்.
எனக்கு எப்படித் தெரியும்?
நாலு மெழுகுவத்தியை உருக்கி அதில் முக்கி எடுத்தோம்.
இருநூறு வாங்கினாள். மிக்ஸி என்றால் முந்நூறாம்.

போதும்தான்.
தட்டுவடை செட்டைக் கடித்தது போல இருந்தது சத்தம்:
முதலில் நொறுங்கல், உடனே பீட்ரூட் ஈரம்.
டோன் குமிழைக் குறைத்தால்
தட்டுவடை போய்ச் சட்னி மட்டும் நிற்கும்.
ஆனால் ஒற்றைச் சுருள்.
ஊரில் ஓடுகிற கரண்ட்டையெல்லாம் ஒட்டுக்கேட்கும்.
டியூப் லைட், விசைத்தறி, பந்தியில் ஐஸ்கிரீம் பெட்டி,
எல்லாம் சேர்ந்து ம்ம்ம் என்று.

அந்த ம்ம்ம் ஒரு சுரம்.
தடித்த கம்பியில் மூன்றாம் கட்டை நாற்பத்தொன்பது,
மின்வாரியம் பிடிப்பது ஐம்பது.
ஒரு நூல் மேலே.
நான் அந்த ஜியில் நிற்கும்போதெல்லாம்
வினாடிக்கு ஒருமுறை இரண்டும் இடித்துக்கொள்ளும்.
மேடையில் வேறு யாருக்கும் கேட்காது.
எனக்கு வேறெதுவும் கேட்காது.

அம்மாப்பேட்டை மண்டபத்தில், போன ஞாயிறு,
மாப்பிள்ளையின் ஆபீஸ்காரர்கள் வரிசையில் நிற்க
கரண்ட் போனது.
டிரம்ஸ் மட்டும் நாலு அடி தள்ளிப் போய்
தனக்கே வெட்கப்பட்டு நின்றது.
பின்கட்டில் ஜெனரேட்டரை உதைத்தார்கள்.
ஏசி, சரவிளக்கு, ஐஸ்கிரீம், நாங்கள்,
அத்தனையும் ஒரேயடியாகத் தலையில் விழ
அது முனகிக்கொண்டே கொஞ்சம் இறங்கியது.
விளக்குகள் மஞ்சளாயின.
பழக்கத்தில் விரல் மூன்றாம் கட்டைக்குப் போனது.

இடிக்கவில்லை.

மண்டபத்துக்குப் பின்னால் ஒரு ஜெனரேட்டர்,
என் தோளில் ஒன்று.
இரைச்சல் எங்கே முடிகிறது
என் கம்பி எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை.
பாட்டு வேறு சுரத்துக்கு நகர்ந்துவிட்டது,
நான் நகரவில்லை.
கீபோர்டு நஸ்ருல்லா திரும்பி முறைத்தான்.
"ஹம் போயிடுச்சா?"
இல்லை, இருக்கிறது என்று தலையாட்டினேன்.
அவனுக்குப் புரியவில்லை.

கரண்ட் வந்தது. எல்லாரும் கைதட்டினார்கள்,
எங்களுக்கு இல்லை.
மூன்றாம் கட்டையில் விரல் அப்படியே இருக்க
மறுபடி ஆரம்பித்தது
ஒன்று.
ஒன்று.
ஒன்று.